எல்லாக் குழாயிலும் போடு

தோசைக்கல்லில் முதல் கரண்டி மாவை ஊற்றி வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தாள் சாராள். அப்போதுதான் அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

முதலில் அடுக்களை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கரில். உடனே கூடத்தில். பிறகு மாடியில். வீடு முழுவதும் ஒரே குரல்... ஆர்மோனியத்தின் நீண்ட இழுப்பும், அதற்குப் பின்னால் அழுகையை அடக்கிக்கொண்டு பாடுகிற ஓர் ஆணின் குரலும்.

'வீடு வந்து சேர்ந்தேன்...'

கண்ணுகளா, அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் காலனிகளில் வளர்ந்தவர்கள் அது காதில் விழுந்தாலே வாசலுக்கு ஓடி வந்துவிடுவார்கள். அடக்கப் பாட்டு! ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், விடிந்ததும் அந்த வாசலில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, முதலில் அந்தப் பாட்டைத்தான் போடுவார்கள். அது கடைசிவரை ஓட வேண்டும். ஓடி முடிந்ததும் செட்டுக்காரர் மைக்கைக் கையில் எடுத்து, இறந்தவரின் பெயரையும் அடக்கம் எப்போது என்பதையும் சொல்லுவார். அதுவரைக்கும் ஊர் மொத்தமும் கை வேலையைப் போட்டுவிட்டு, யார் பெயர் வரப்போகிறதோ என்று காத்து நிற்கும்.

சாவு விழாத வீட்டில் அதைப் போடவே மாட்டார்கள். செட்டு நன்றாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்குக்கூட!

அந்தப் பாட்டு இந்த வீட்டில் இப்போது காலைதோறும் ஒலிக்கிறது.

"ஐயோ... மறுபடியுமா!" கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓரகத்தி கிறிஸ்டினா பாதி பின்னிய சடையோடு ஓடி வந்தாள். "யாராச்சும் நிறுத்துங்களேன்! அந்த மனுசன் ஷூ மாட்டிக்கினு வாசப்படில நிக்கிறாரு... வேலைக்குப் போற நேரத்துல சாவுப் பாட்டு பாடுதே இந்த வீணாப் போன பொட்டி!"

"மின்மினி, நிறுத்து!" என்றாள் சாராள்.

பாட்டு பாதியில் அறுந்தது. கல்லில் தோசை கருகும் வாசனை மட்டும் மிச்சமிருந்தது.

மின்மினி என்பது ஆள் இல்லை. பிரின்சி, கிறிஸ்டினாவின் ஒரே பெண், தன் சம்பளத்தில் வாங்கி வைத்த செயற்கை அறிவு உதவியாளர். பேச்சைப் புரிந்துகொள்ளும், பதில் சொல்லும். கை கால் இல்லாத குறைக்கு அதற்குச் சில கருவிகளைக் கொடுத்திருந்தார்கள். பாட்டைப் போட ஒன்று, நிறுத்த ஒன்று, அடுத்ததற்குத் தாவ ஒன்று, சத்தத்தை ஏற்றி இறக்க ஒன்று, எந்த அறையில் பாட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒன்று, பட்டியலில் பாட்டைச் சேர்க்க, எடுக்க ஒன்று, ஓர் அறையில் பேசுவதை எல்லா அறையிலும் கேட்க வைக்க ஒன்று. யார் எதைக் கேட்டாலும் அந்தக் கருவியை எடுத்துக் கேட்டதைச் செய்யும். கேட்காமல் எதையும் செய்யாது என்று பிரின்சி சத்தியம் செய்தாள்.

அதுதான் எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்தியது. அப்படியானால்... கேட்டது யார்?

கிறிஸ்டினாவின் கணவன் ஜோஷ்வா வாசற்படியிலேயே நின்றான். இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை அவனுக்கு. முதன்முதலாக அந்தப் பாட்டு ஒலித்த அன்று, உருகிய இரும்பு தெறித்து அவன் சட்டைக் கையைத் தின்றுவிட்டது. தோலில் படவில்லை, ஆண்டவர் புண்ணியம். அந்தச் சட்டையைக் கிறிஸ்டினா இன்னும் தூக்கிப் போடவில்லை. கொடியில் தொங்கவிட்டு வைத்திருந்தாள். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று.

"எங்க அண்ணனை முழுங்கினது பத்தலயா அந்த கொழாய்க்கு?" என்றான் ஜோஷ்வா, யாரையும் பார்க்காமல். பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

அவன் சொன்ன அண்ணன்தான் சாராளின் கணவன் தாவீது.

ஒருகாலத்தில் இது ரேடியோ செட் வீடு; ஒலிபெருக்கியை வாடகைக்குக் கட்டுகிற தொழில். மாமனார் அந்தோணி மைக்கைப் பிடிப்பார். மூத்த மகன் தாவீது ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைப் போடுவான். "தாவீது, போடுடா" என்று அப்பா சொன்னால் போதும். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, சாவு... இவர்களுடைய குழாய் பேசாத தெரு கிடையாது. ஒரு மழைநாளில் கம்பத்தில் குழாய் கட்ட ஏறிய தாவீது கரண்ட் அடித்துக் கீழே விழுந்தான். பிள்ளை குட்டி இல்லாத சாராளை அவள் அண்ணன் பாக்கியராஜ் கடம்பத்தூருக்குக் கூப்பிட்டான்; இன்னொரு வாழ்க்கை அமைத்துத் தருவதாகக் கெஞ்சினான். அவள் போகவில்லை. கிறிஸ்டினா வேலைக்குப் போகட்டும் என்று கைக்குழந்தையான பிரின்சியை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். மாமியார் ஞானம்மாள் படுக்கையில் விழுந்தபோது, மலஜலம் எடுத்தவளும் அவள்தான்.

ஞானம்மாள் போன வருடம் கண்ணை மூடினாள். அப்போது ஜோஷ்வா ஒற்றைக் காலில் நின்றான். "இந்த ஊட்டு வாசல்ல கொழாய் கட்டக் கூடாது. எங்க அண்ணனைக் கொன்ன சாமான் அது. கம்முனு எடுத்துக்கினு போய் அடக்கம் பண்ணுவோம்." அப்படியே நடந்தது. ஊரில் எத்தனையோ பேரின் சாவை ஊருக்கெல்லாம் சொன்ன அந்தோணி, தன் மனைவியின் பெட்டிக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடந்து போனார். வீடு திரும்பினார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. நினைவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஒருநாள் ஒரு சுருள் வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவரை யாரோ புண்ணியவான் கூட்டி வந்து விட்டான்.

அன்று ஜோஷ்வா சொன்னான்: "இன்னொரு வாட்டி இவரால ஏதாவது பேஜாரு ஆச்சின்னா, திருத்தணி ரோட்ல முதியோர் இல்லம் கீது, அங்க கொண்டும்போய் உட்டுடுவேன். பொண்ணு கல்யாணத்த வச்சிக்கினு என்னால முடியாது அண்ணி."

விளையாட்டாகச் சொல்லவில்லை. இல்லத்துக்குப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டே வந்திருந்தான்.

கருகிய தோசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, டீ டம்ளரோடு சாராள் பின்னறைக்குப் போனாள். கதவை ஒருக்களித்துத் திறந்தாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அந்தோணி. கையில் பழைய மைக். அதன் வயர் எங்கும் போய்ச் சேரவில்லை; அறுந்த நுனி தரையில் கிடந்தது. அவர் கண்கள் அலமாரியில் இருந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தன. பாதியில் விட்டுப்போன எதையோ எதிர்பார்க்கிற பார்வை.

சாராளுக்கு மட்டும் தெரியும், கண்ணுகளா. ஒரு காலை அவள் கதவருகே நின்று தன் காதால் கேட்டுவிட்டாள். ஒரு வருடமாகப் பேசாத அந்த வாய், மைக்கை உதட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டு பேசியது.

"தாவீது... அடக்கப் பாட்டப் போடுடா. எல்லா கொழாயிலயும் போடு. சவுண்ட ஏத்து."

"சரி. எல்லா ஸ்பீக்கரிலும் போடுகிறேன்" என்று மின்மினி அடக்கமாகப் பதில் சொன்னது.

தாத்தா என்றைக்காவது ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்ற ஆசையில், அந்த அறையில் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும் பதில் சொல்லும்படி பிரின்சிதான் செய்து வைத்திருந்தாள். தாத்தாவின் பழைய பாட்டுகளை எல்லாம் அதில் ஏற்றி வைத்தவளும் அவள்தான். வைத்துவிட்டு அவளே மறந்துபோனாள். அந்தக் கிழவர் யாரிடம் பேசுகிறார் என்று நினைத்துப் பேசினார்? செத்துப்போன மகனிடம்! அந்த மகனின் பெயரைச் சொன்னதும் 'சரி' என்று ஒரு குரல் பதில் தருகிறது... சாராள் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கணவனின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

அன்றே அவள் மின்மினியிடம் தணிந்த குரலில் கேட்டாள். "இனிமே அவரு கேட்டா, அவரு ரூம்ல மட்டும் போடேன்... புண்ணியமாப் போவும்."

"அவர் எல்லா ஸ்பீக்கரிலும் என்று கேட்கும்போது ஒரே அறையில் போட்டால், போட்டுவிட்டதாக அவரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கும். வேண்டுமானால் அந்தப் பாட்டையே எடுத்துவிடட்டுமா? பிறகு அவர் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுவேன்."

இல்லை என்று சொல்லிவிடுமாம். அவர் பேசுகிற ஒரே ஆள் அது. அதுவும் இல்லை என்று சொன்னால், திறந்த அந்த வாய் திரும்ப மூடிக்கொள்ளுமே!

"வாணாம். நீ ஒண்ணும் எடுக்காத" என்றாள் சாராள்.

அதனால் காலைதோறும் பாட்டு தொடங்கியதும் அவளே ஓடிப்போய் நிறுத்தினாள். யார் போட்டது என்ற கேள்விக்கு வாய் திறக்கவில்லை. சொன்னால் அவர் திருத்தணி ரோடு இல்லத்தில் இருப்பார். சொல்லாவிட்டால் இந்த வீடு பயத்தில் சாகும். இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றாள்.

ஆனால் அவள் செய்த காரியத்திலேயே ஒரு தப்பு இருந்தது. அது அப்போது அவளுக்கே தெரியாது.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு முன்பாகவே பொதட்டூர்பேட்டையிலிருந்து சம்பந்தியம்மாள் மெர்சி வந்துவிட்டாள். பிரின்சியின் கல்யாணப் பட்டு எடுத்தாயிற்று. அதைக் காட்டி ரவிக்கைக்கு அளவு வாங்கிப் போக வந்தாள். கூடத்தில் பாய் விரித்து, வெள்ளைப் பட்டில் தங்கச் சரிகை ஓடிய புடவையைப் பிரித்துப் போட்டார்கள்.

"சரிகை எப்டி கீது பாரு சம்பந்தி! எடுக்கறதுக்குள்ள என் பையன் என்னாண்ட நாலு வாட்டி சண்டை போட்டான். கல்யாணம் எனக்கா அவனுக்கான்னே தெரியல" என்று மெர்சி சிரித்தாள்.

"நாஷ்டா சாப்ட்டுப் பேசலாம் வாங்க..." என்று கிறிஸ்டினா எழுந்தாள்.

சாராள் இட்லித் தட்டோடு வாசற்படியைத் தாண்டினாள்.

'வீடு வந்து சேர்ந்தேன்...'

கூடத்து ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் அலறியது. மாடி அலறியது. அடுக்களை அலறியது. மெர்சியின் விரல்களிலிருந்து புடவை நழுவியது. அவளும் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே... அந்தப் பாட்டு இன்னதென்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆண்டவரே... யாரு? யாருக்கு இன்னா ஆச்சி?" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

"மின்மினி, நிறுத்து!" ஜோஷ்வா கத்தினான்.

நின்றது. மெர்சி புடவையைப் பொறுக்கி மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு கலைந்து கலைந்து போயிற்று.

"நான் தப்பா சொல்லல சம்பந்தி" என்றாள், முகத்தைப் பார்க்காமல். "கல்யாணப் பொடவைய விரிச்ச நேரத்துல இந்தப் பாட்டு... மனசு ஒரு மாரியா கீது. ஊட்டுக்குப் போய்ப் பேசிட்டு சொல்றேன்."

"அத்தை, உக்காருங்க அத்தை! அது ஏதோ தப்பா..." என்று பிரின்சி ஓடினாள். அதற்குள் மெர்சி செருப்பை மாட்டிவிட்டாள். அவள் ஏறிய ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

ஜோஷ்வா கூடத்து ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றான். ஒரு மனிதனின் சட்டையைப் பிடித்துக் கேட்பதைப் போலக் கேட்டான்.

"மின்மினி! யார் போடச் சொன்னது இந்தப் பாட்ட?"

"ஒருவர் கேட்டார்; போட்டேன். குரலை வைத்து ஆளை அடையாளம் சொல்ல எனக்குத் தெரியாது."

"வெளியாளா?"

"இல்லை. இந்த வீட்டுக்குள்ளிருந்துதான் கேட்டார்."

கிறிஸ்டினா கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ரூம்லேர்ந்து?" என்றான் ஜோஷ்வா.

"அதைச் சொல்ல முடியும். இந்தப் பாட்டைக் கேட்டவர்..."

"மின்மினி, நிறுத்து!"

சாராளின் குரல் அது. அந்தப் பெட்டி கேட்டதைச் செய்கிற பெட்டி அல்லவா? வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டு மௌனமானது.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் இட்லித் தட்டை வாசற்படியில் வைத்தாள்.

"நான்தான்" என்றாள் சாராள். "நான்தான் போட்டேன்."

"பெரிம்மா...!" பிரின்சியின் குரல் உடைந்தது.

"நீயா?" ஜோஷ்வாவால் நம்ப முடியவில்லை. "எதுக்கு அண்ணி? நாங்க இன்னா பண்ணோம் உனக்கு?"

சாராள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவே அவளுக்கு எதிரியானது.

"எதுக்கா? என்னைக் கேளு, நான் சொல்றேன்!" கிறிஸ்டினாவின் பயமெல்லாம் கோபமாகத் திரண்டு வந்தது. "அவ புருசனை முழுங்கின பாட்டு இது! என் புருசன் மட்டும் உசுரோட நடமாடறாரேன்னு வயித்தெரிச்சல்! இவ பெத்த பொண்ணுக்கா கல்யாணம்? நான் பெத்தது... அதுக்கு ஒரு பட்டுப் பொடவைய விரிக்கக்கூட இவளுக்குப் பொறுக்கல! அக்கா அக்கான்னு உன் கையில என் கொழந்தயக் குடுத்துட்டுப் போனேனே... நீ இப்டிப் பண்ணுவன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

சாராள் பாயைச் சுருட்டத் தொடங்கினாள். பேசினால் கண்ணீரோடு உண்மையும் வந்துவிடும்.

"போயிடு அண்ணி" என்றான் ஜோஷ்வா, சுவரைப் பார்த்தபடி. "கல்யாணம் நடந்தா... நடக்கிற வரைக்கும் இந்த ஊட்டுப் பக்கம் வராத."

ஒரு பையில் அடங்கிவிட்டது அவளுடைய வாழ்க்கை. போகும் முன் பிரின்சியைத் தனியாகக் கூப்பிட்டாள். "தாத்தாவோட பல்லு செட்டு தண்ணில கெடக்கும். நீயே எடுத்துக் குடு. டீய ஆத்திக் குடு, சுட்டுக்குவாரு. பேசலன்னு நெனச்சிக்கினு அவரத் தனியா உட்டுடாத கண்ணு... சரியா?"

"நீங்க செய்யல பெரிம்மா. எனக்குத் தெரியும். சொல்லுங்க, யாரு?"

"போ... போய் அழுவற அம்மாவப் பாரு."

பின்னறையில் அந்தோணி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சாராள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் அவளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சுருளை அவளிடம் நீட்டினார். செட்டு கட்டக் கிளம்புகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. வாங்கி, கட்டிலின் மேலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

பெரியபாளையம், திருவள்ளூர் என்று பஸ் மாறி மாறிக் கடம்பத்தூர் போய்ச் சேரும்வரை அவளை ஒரே ஒரு பயம்தான் பிடித்து ஆட்டியது. நாளைக்குக் காலையில் அவர் கேட்பார். பாட்டு ஓடும். ஓடிப்போய் நிறுத்த ஆள் இருக்காது. எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் அந்த இல்லம்...

* * *

மறுநாள் காலை சாராள் அந்த வீட்டில் இல்லை. ஆனாலும் உங்களை நான் அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். பயப்படாமல் என் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடுப்பில் பால் வைத்திருந்தாள் கிறிஸ்டினா. வீடு அமைதியாக இருந்தது. 'போனா, பீடையும் போச்சி' என்று அவள் மனம் சொல்லி முடிக்கவில்லை.

'வீடு வந்து சேர்ந்தேன்...'

அடுக்களையில். கூடத்தில். மாடியில்.

அவள் அலறக்கூட இல்லை. பால் பொங்கி வழிந்தது. ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஜோஷ்வா அப்படியே எழுந்தான், ஒரு கால் ஷூவோடு. சாராள் போய்விட்டாள். பாட்டு போகவில்லை. அப்படியானால்...? 'நிறுத்து' என்று சொல்ல வாயைத் திறந்தான். யாரிடம் சொல்வது? எதனிடம் சொல்வது?

"நிறுத்தாத டாடி!" பிரின்சி மாடிப்படியில் நின்றிருந்தாள். "ஒரு தபா ஓடட்டும். யாருன்னு தெரியட்டும்."

பாட்டு ஓடியது. முதல் சரணம் போயிற்று, இரண்டாவது போயிற்று. இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்காத கடைசி அடிகள் வந்தன. ஆர்மோனியம் ஒரு நீண்ட மூச்சை இழுத்து விட்டு ஓய்ந்தது.

அப்போது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரு குரல் கரகரத்தது. பாட்டுக்காரனின் குரல் இல்லை.

"தாவீது... மைக்க ஆன் பண்ணு."

"உங்கள் குரல் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்கும். பேசுங்கள்" என்றது மின்மினி.

ஃபூ... ஃபூ... என்று யாரோ ஊதினார்கள். கிறிஸ்டினா ஓடி வந்து கணவனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தால் பெயர் வரும். யாருடைய பெயர்?

"அறிவிப்பு... அறிவிப்பு..." என்றது அந்தக் குரல். நடுங்கவில்லை. திருவிழா மைதானத்தில் நிற்பது போன்ற கணீர்க் குரல். "காலனி ஜனங்களுக்குத் துக்கத்துடன் தெரிவிச்சிக்கிறது இன்னான்னா... ரேடியோ செட்டு அந்தோணி..."

"ஐயோ, மாமா!" கிறிஸ்டினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"...அவர்களின் மனைவி, தாவீது, ஜோஷ்வா ஆகியோரின் தாயாரான ஞானம்மாள்... கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அன்னாரின் நல்லடக்கம்..."

குரல் நின்றது.

"அன்னாரின் நல்லடக்கம்..." மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. பிறகு குழந்தையைப் போலக் கேட்டது: "தாவீது... அடக்கம் எப்போடா? அம்மாவை எப்போ எடுக்கறாங்க? எனக்கு யாருமே சொல்லலியே..."

"அது எனக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்" என்றது மின்மினி.

ஜோஷ்வா பின்னறைக்கு ஓடினான். கதவைத் தள்ளினான். அறுந்த வயரோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தகப்பனின் காலடியில் அப்படியே சரிந்தான்.

"முடிஞ்சிப் போச்சி நைனா... அடக்கம் முடிஞ்சிப் போச்சி. நான்தான் நைனா... ஒரு பாட்டு இல்லாம, ஒரு சத்தம் இல்லாம, திருட்டுத்தனமா பொதைக்கிற மாரி எங்கம்மாவப் பொதைச்சிட்டேன். அண்ணன் மேல இருந்த துக்கத்துல... உன் வாயக் கட்டிட்டேனே நைனா...!"

அவன் அழுகை எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு வருடம் தாமதமாக, ஞானம்மாளுக்காக அந்தத் தெரு ஒரு நிமிடம் நின்றது.

அந்தோணி மகனின் தலையைத் தொட்டார். எண்ணெய் வைக்காத அந்தக் கிராப்பைத் தடவினார். மைக்கைக் கட்டிலில் வைத்தார்.

கதவருகே பிரின்சி விம்மினாள். "எந்த ரூம்னு நீ கேட்டப்போ, பெரிம்மா நிறுத்துன்னு கத்துனாங்க பாத்தியா டாடி... இதுக்குத்தான்!"

* * *

கடம்பத்தூரில் பாக்கியராஜ் வீட்டு வாசலில் சாராள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருவில் பைக் வந்து நின்றது. ஜோஷ்வாவின் காலில் ஷூ இல்லை; யாருடையதோ ரப்பர் செருப்பு. பின்னாலிருந்து கிறிஸ்டினா இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சாராள் கையில் கீரைக் காம்போடு எழுந்துவிட்டாள்.

"மாமாவுக்கு இன்னா ஆச்சி? ஜோஷ்வா, அவரைக் கொண்டும்போய் உட்டுட்டியா? சொல்லு!"

பதில் சொல்லாமல் கிறிஸ்டினா வந்து கீரைத் தட்டின் மேலேயே விழுந்தாள். "அக்கா... நாக்குல நெருப்ப வெக்கணும் எனக்கு! என் புள்ளைக்கி நீதான்க்கா சோறு ஊட்டின... உன்னப் போய் நான்..."

"எந்திரி புள்ள. தெருவுல எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! நேத்து நான் பேசினப்போ யாரும் பாக்கலியே, இப்பவாச்சும் பாக்கட்டும்!"

ஜோஷ்வா நடந்ததைச் சொன்னான். சொல்லும்போதே அழுதான். பாட்டு முடிந்து, பெயர் வந்து, அடக்கம் எப்போது என்று தகப்பன் கேட்டதைச் சொல்லும்போது சாராளின் முகம் மாறியது. கையிலிருந்த கீரைக் காம்பு கீழே விழுந்தது.

"கடைசி வரைக்கும் ஓட உட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

"ஆமா அண்ணி."

"நான் தெனம் நிறுத்தினேன் ஜோஷ்வா." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பாட்டு முடிஞ்சாதான பேரு சொல்லுவாங்க... பேரு சொல்ற வரைக்கும் செட்டுக்காரரு எந்திரிக்க மாட்டாரே! அவரைக் காப்பாத்தறேன்னு நெனச்சிக்கினு, நானே தெனம் பாதியில அறுத்தேன். அதான் மறுநாளு மறுபடி மொதல்லேர்ந்து போட்டாரு... எனக்குத் தெரியாமப் போச்சே... ரேடியோ செட்டு ஊட்டு மருமவ எனக்கே தெரியாமப் போச்சே!"

அப்போதுதான் அவள் அழுதாள். பழி சுமந்தபோது வராத கண்ணீர். கிறிஸ்டினா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்கள். பாக்கியராஜ் திண்டாடிப்போய் தண்ணீர்ச் செம்போடு நின்றான்.

"ஊட்டுக்கு வா அண்ணி" என்றான் ஜோஷ்வா.

"வரேன். ஆனா ஒண்ணு. இல்லம் கில்லம்னு இனிமே அந்தப் பேச்சு வரக் கூடாது. வந்துது, அவரைக் கூட்டிக்கினு நானும் கெளம்பிடுவேன்."

"எங்கம்மா மேல சத்தியம்."

கிறிஸ்டினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "மெர்சி சம்பந்திக்கும் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. அப்புறம் சொல்லுது, 'எங்க கல்யாணத்துக்கே அந்த மனுசன்தான் செட்டு கட்டினாரு, பாதி பாட்டுல கரண்ட் போயி என் வூட்டுக்காரரு அவரோட சண்டைக்குப் போனாரு'ன்னு. அடுத்த வாரம் பொடவையோட வருதாம்!"

அழுத கண்ணோடு சாராள் சிரித்துவிட்டாள்.

* * *

மறுநாள் காலை. தோசைக்கல் காய்ந்தது. சாராள் மாவைக் கரண்டியில் எடுத்து, ஊற்றாமல் நின்றாள்.

பாட்டு வரவில்லை.

கூடத்தில் கிறிஸ்டினா சீப்பைத் தலையில் வைத்தபடி அசையாமல் நின்றிருந்தாள். வாசற்படியில் ஜோஷ்வா நின்றிருந்தான். அந்தப் பாட்டைவிட இந்த அமைதி பயங்கரமாக இருந்தது. பெயரைச் சொல்லி முடித்துவிட்டார்... கடமை முடிந்தது... முடித்தவர் இன்று உயிரோடு எழுந்திருப்பாரா? சாராள் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள். கதவில் கை வைத்தாள்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"தம்பி... நீ யாரு பெத்த புள்ளையோ எனக்குத் தெரியாது. என் தாவீது இல்ல நீ. பரவால்ல. ஒரு கல்யாணப் பாட்டு போடு."

"போடுகிறேன். எல்லா ஸ்பீக்கரிலுமா?"

"வாணாம், வாணாம். சமைக்கிற எடத்துல மட்டும் போடு. என் மருமவ சாராளு அங்கதான் நிப்பா. சவுண்டு சின்னதா வையி... பாட்டுன்னாலே பயந்துக்கினு கீது அந்தப் பொண்ணு."

சாராள் கதவைத் திறக்கவில்லை. சத்தமில்லாமல் அடுக்களைக்குத் திரும்பி வந்தாள், அவர் நினைத்த இடத்தில் அவள் நிற்க வேண்டும் என்பதற்காக. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நாதசுரம் மெல்ல எழுந்தது. அவள் மாவை ஊற்றி வட்டமாக இழுத்தாள்.

பாட்டு கடைசிவரை ஓடியது. யாரும் நிறுத்தவில்லை.